ஐஸ்கிரீம் பெட்டியில் ஊசி

என்னவருக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் கல்லீரலில் இருக்கும் வைரஸுக்கான ஊசியைக் கிளியனூரில் நண்பரின் கடை ஐஸ்கிரீம் பெட்டியில் ஒளித்துவைத்தீர்கள். உறைந்துவிட்டது. அந்த மருந்து ஒரு புரதம். ஒரு வாரம் உடம்பில் தங்குவதற்காக அதில் ரசாயனச் சங்கிலி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். உறைந்தால் வீண். குளிர்ந்தால் போதும் என்று எத்தனை முறை சொல்வது?

வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றீர்கள்.

திண்டிவனத்தில் கிடைக்கவில்லை. விழுப்புரம் போய் அதே ஊசியைப் புதிதாக வாங்கி வந்தேன். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

"இதுக்கா அவ்ளோ தூரம் எடுத்துக்கினு போனான்? மோர்ச்சட்டிய நவுத்தினா எடம் இருக்குதே," என்றார்.

நகர்த்தியும் விட்டார். ஊசி நாளைக்குப் போட வேண்டும். வீட்டுக்கு வாருங்கள்.

கோபம் இன்னும் ஆறாத
உங்கள் மனைவி