ஏழாம் பக்கத்துக்கு ஆதாரம் இல்லை

நண்பரே,

வேறொரு பத்திரத்தைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோது தேயிலைச் சாய மணம் எழுந்தது. உமது ஏழு பக்கங்கள். பழஞ்சுவடி போலத் தோன்றவேண்டுமென்று நீர் அவற்றைத் தேநீரில் ஊறவைத்து, ஓரங்களை அடுப்பில் கருக்கினீர். தீ அபாய மணி அலறியது. சென் ஜேம்ஸ் ரவுணில் உமது மாடிக்கட்டடம் முழுவதும் படியிறங்கித் தெருவில் நின்றது.

"உலகம் முடிஞ்சுதெண்டு நினைச்சன்!" என்றார் பக்கத்து வீட்டு அன்ரி.

"இன்னும் இல்லை அன்ரி. ஓரம் மட்டுந்தான்" என்றீர்.

டாக்ஸி ஓட்டிய காலத்தில், சவாரிகளுக்கிடையே நீர் படித்தவை பண்டைய யூதர்களின் இறுதிக்காலக் காட்சி நூல்கள். அவற்றின் நுட்பத்தை எனக்கு விளக்கினீர். எழுதுபவர், முற்காலத்து ஞானி ஒருவரின் பெயரில் மறைந்துகொள்வார். நடந்து முடிந்த அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும், அரசர்களை மிருகங்களாக உருவகித்து, இனி நடக்கப்போவனவாகப் பிசகின்றிச் சொல்வார். பின்னர் அதே குரலில், இன்னும் நடவாததையும் சொல்வார்: கொடியவன் வீழ்வான், நீதி வரும்.

"முன்திகதியிட்ட ஆவணம் செல்லாது" என்றேன், வழக்கறிஞன் என்ற முறையில்.

"அப்புக்காத்து, அதுகள் அடிபட்ட சனம். நம்பிறதுக்கு ஒரு வழி வேணுமே?"

உமது சுவடியும் அவ்வகையே. 'பார்க்டேலில் ஒரு மிருகம் எழும்பும். அது சட்டம் படிக்கும். அதற்கு இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருக்கும்.' பார்க்டேலில் வசிப்பவன் நான். என் தமையனார் தம் மகளின் திருமண அழைப்பிதழில் என் பெயரை விட்டதும், நான் அவருக்குப் பதிவுத் தபாலில் இலக்கமிட்ட ஒன்பது பந்திகளில் ஆட்சேபக் கடிதம் அனுப்பியதும், ஆறு வருட மௌனமும் அதில் இருந்தன. ஏழாம் பக்கத்தில் ஒரே வரி: 'முதற் பனி விழும் நாளில் அது பிக்கரிங் போகும், தமையன் கதவைத் திறந்து அழுவான்.'

"ஆறு பக்கங்கள் நடந்தவை. ஏழாவதற்கு ஆதாரம் இல்லை" என்றேன்.

"அந்த ஒரு வரிக்காகத்தானே ஐசே மிச்சம் முழுக்க எழுதினனான்!"

ஐப்பசியில் நீர் காலமானீர். முதற் பனியன்று, எனது உரிமைகள் எவற்றையும் விட்டுக்கொடுக்காமல், பிக்கரிங் ரயிலில் ஏறினேன். தமையனார் கதவைத் திறந்தார். அழவில்லை.

"ஒன்பது பந்தி எழுதத் தெரிஞ்சவனுக்கு ஒரு ரெலிபோன் எடுக்கத் தெரியேல்லையோ? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா."

அழுதவர் யார் என்பதை இங்கே பதிவுசெய்ய நான் கடமைப்பட்டவன் அல்லன்.

கடந்த ஞாயிறு விடைபெறும்போது அவர் கேட்டார்: "வாற கிழமையும் வருவியோ?"

எதிர்காலத்தைப் பற்றி, 'இயலுமாயின்' என்ற சொல் இன்றி, நான் இதுவரை எவருக்கும் எதுவும் சொன்னதில்லை.

"வருவன்" என்றேன்.