தண்ணீர் குடிக்காத எலி

பெரியவன் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். உயிர்க்காட்சிசாலையில் தொட்டி கழுவும்போது திருக்கைமீன் வால்முள்ளால் கையில் குத்திவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே.

இப்போது பாலைவன எலிக்கூண்டையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். மேற்பார்வையாளன் சிரித்தான். "பெரியவரே, அது தண்ணியே குடிக்காது. தின்னுற விதையிலயே ஈரம் எடுத்துக்கும்." நம்பாமல் தினமும் வைத்துப் பார்த்தேன், அது மூக்கைக்கூட நனைக்கவில்லை. திருக்கையைத் தண்ணீரைவிட்டு எடுத்தால் அன்றோடு சரி.

நான் எலிச் சாதி. வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்ன நம் பெரியவனே வந்து கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அவன் கூப்பிடப் போவதுமில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு, போர்த்திக்கொள்கிறேன். துவைத்து அனுப்பாதே.