இருங்கோ

பெப்ரவரி 15, ஞாயிறு.

மகளோடு முதல் தடவையாக ஸ்கீ, பனிச்சறுக்கு, பழகப் போனேன். ஆட்களை மேட்டுக்கு இழுத்துப்போகும் கம்பியை நான் பிடித்ததும் அவள் பின்னாலிருந்து கத்தினாள்: "அப்பா, இருங்கோ!" எங்கள் ஊர்ப் பேச்சில் இருங்கோ என்றால் உட்காருவதுதானே, கம்பியின் நுனியிலிருந்த தட்டில் உட்கார்ந்தேன். அது இருக்கை இல்லையாம். பனியில் மல்லாக்க விழுந்தேன். வரிசை முழுவதும் நின்றுவிட்டது.

"ஏன் பிள்ளை இருக்கச் சொன்னனீ?" என்று கேட்டேன். தான் வரும்வரை காத்திருக்கச் சொன்னதாக, அழாக்குறையாகப் பிரெஞ்சில் சொன்னாள்.

அதற்குப் "பொறுங்கோ" என்று சொல்லவேண்டும். திருத்த வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். வீட்டில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், இன்று அத்தனை பேர் முன்னால் தமிழில் கத்தியிருக்கிறாள்.

நாளை முழுக்க லா சப்பலில் நான் வேலை செய்யும் கடையில் நிற்கவேண்டும். இடுப்பு நிமிராது. இருக்கட்டும்.