பழைய பிரதியில் இல்லாத பகுதி

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலியோடுதான் பிரசங்க மேடை ஏறுகிறீர்களா? அம்மா சுகமா?

இங்கே சின்னச் சலசலப்பு. கல்லெறிய இழுத்துவந்த பெண்ணை இயேசு காப்பாற்றியதை நீங்கள் உருகிப் பிரசங்கிப்பீர்களே, அந்தப் பகுதி வேதாகமத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். நான் கற்பிக்கும் ஆங்கிலிக்கன் திருச்சபைக் கல்லூரிக்கே பேராயர் வந்துவிட்டார்.

“அந்தப் பக்கத்தை எடுத்துடும்மா. இல்லேன்னா இங்க உனக்கு வேலை இல்ல.”

“பார்த்ததைத்தான் ஐயா எழுதியிருக்கேன். எடுக்க மாட்டேன்.”

கல்லூரி நிர்வாகக் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை, கவலைப்படாதீர்கள். பிறர் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதென்றே எழுதுகிறேன்.

வாசகசாலையில் குளிர் அதிகம், என் சால்வையை அனுப்புங்கள். கோபமென்றால் போனில் திட்டுங்கள். இங்கே உரிமையோடு திட்ட ஒருவருமில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்