கிட்டார்க்காரனுக்கு வந்த தேன்

9 மார்ச் 1937

பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன், கிராமபோன் என்கிறார்கள். ரயில்வேயில் லைன் பார்த்துக்கொண்டிருந்த சட்டைக்காரத் துரை, ஆங்கிலோ-இந்தியர், வேலை முடிந்து பெங்களூருக்குப் போகிறார். கட்டில், நாற்காலி, கோழிக்கூண்டு எல்லாம் பொம்மிடி ஸ்டேஷன் வாசலில் விலைக்கு வந்தன. எனக்கு வேண்டியிருந்தது அவருடைய இரும்புத் தராசு மட்டும்தான். பெட்டியையும் எடுத்தால்தான் தராசு என்று நின்றுவிட்டார். ஏழு அமெரிக்கப் பாட்டுப் பிளேட்டும் சேர்த்தி.

தீர்த்தம்மாள், "புளி மண்டிக்குப் பாட்டு எதுக்குங்க? புளி எந்திரிச்சு ஆடுமா?" என்றாள். கட்டிய நாளிலிருந்து அந்த வாயோடு நான் பேரம் பேசி ஜெயித்ததில்லை.

17 மார்ச்

வத்தல்மலையிலிருந்து புளி இறங்கியது. பதினோரு பேர், தலைச்சுமையாக. மூட்டையை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்கிறதே என்று பெட்டிக்குச் சாவி கொடுத்தேன்.

ஆறு பிளேட்டுக்கு யாரும் தலையைத் திருப்பவில்லை. ஒன்றில் ஒரு பெண்பிள்ளை அலறினாள், ஒருத்தன், "பிரசவமுங்களா?" என்று கேட்டான். ஏழாவது பிளேட்டில் பாட்டே இல்லை. ஒரே ஒரு கிட்டார். அடியில் தடதடவென்று ஏதோ ஓடுகிறது, அதன் மேல் ஒரு மெட்டு தன் பாட்டுக்கு நடந்து போகிறது. முடிகிற இடத்தில் வாசித்தவன் 'ஹெ' என்று ஒரு சின்னச் சிரிப்பு சிரிக்கிறான். அவ்வளவுதான்.

பதினோரு பேரும் எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "ரெண்டு பேருடா வாசிக்கறது." "மூணு பேரு. ஒருத்தன் பம்பை அடிக்கறான்." பொன்னன் என்று ஒருவன், முப்பது வயது இருக்கும், அவன் மட்டும், "ஒருத்தந்தான். அந்தச் சிரிப்பு வர்றப்ப ரெண்டு சத்தமும் ஒண்ணா நிக்குது பாரு" என்றான்.

ஒன்பது தடவை வைக்கச் சொன்னார்கள். எதிர் மண்டி கிருஷ்ணப்பன் தன் வெறும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். தராசு வாங்கப் போய்க் கூட்டத்தை வாங்கிவிட்டேன்.

2 ஏப்ரல்

இப்போது மலைப் புளியில் முக்கால் பங்கு என் மண்டிக்கு வருகிறது. பொன்னனோடு இன்று பேரம். எங்கள் வழக்கப்படி துண்டுக்கு அடியில் கை கோத்து, விரல் பிடித்து விலை சொன்னோம். வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பது என் அனுபவம். வேர்த்தால் அவசரம், இறுகினால் கோபம், தளர்ந்தால் வீட்டில் சாமை தீர்ந்துவிட்டது. பொன்னன் கை மட்டும் எதுவும் காட்டவில்லை. மரம் மாதிரி இருந்தது. நல்ல ஆள்.

20 மே

பொன்னன் ஒரு மூங்கில் குழாய் நிறையத் தேன் கொண்டுவந்து வைத்தான். விலை கேட்டேன். "இது விக்க இல்லீங்க சாவுகாரு. கிட்டார்க்காரனுக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர்கள் மலையில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். பம்பையோ குழலோ, எவன் வாசிப்பைக் கேட்டார்களோ அவனுக்கு அந்த வருஷத்து முதல் தேனைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் காது அடைத்துப் போகுமாம். "பெட்டிய வித்த தொரைக்குத் தெரிஞ்சிருக்குமில்லீங்க, அந்தாளு எந்த ஊருன்னு? ரயில்ல போட்டு அனுப்பிச்சுடுங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அமெரிக்கா என்று ஒரு தேசம், கடலுக்கு அந்தப் பக்கம் என்று ஆரம்பித்தால் புளி நிறுப்பது யார்?

22 மே

தேனைச் சேலத்து வைத்தியருக்கு விற்றுவிட்டேன். கெட்டுப்போகிற பண்டம்.

11 ஜூன் 1938

இரண்டாவது குழாய். கொடுத்துவிட்டுப் பொன்னன் நகராமல் நின்றான். "போன வருசத்துத் தேனுக்குப் பதிலு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

கூட அவன் பெண்டாட்டி செல்லியும் வந்திருந்தாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். "வந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருந்தான்" என்றேன்.

செல்லி புருஷனை இடித்தாள். "கொம்புத்தேனுன்னா சும்மாவா? நாஞ் சொன்னனில்ல?"

என்னத்துக்கு இதை எழுதி வைக்கிறேன்? வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பொய் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் எழுதத் தோன்றுகிறது.

5 செப்டம்பர் 1939

யுத்தம் வந்துவிட்டதாம். புளிக்கு நல்லது. பாட்டுப் பெட்டிக்கு ஊசி கிடைக்காது.

14 பிப்ரவரி 1941

ஊசி அடியோடு தீர்ந்தது. தர்மபுரியில் இல்லை, சேலத்தில் இல்லை. மலை ஆட்கள் மூட்டையை இறக்கிவிட்டு, கிட்டார் இல்லை என்றதும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணப்பன் வாசலில் வெல்லம் போட்ட தண்ணீர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பொன்னன் வெளியே போய் ஒரு பிடி வெள்வேல முள்ளோடு வந்தான். ஒன்றை எடுத்துக் கல்லில் தேய்த்து, "இத மாட்டிப் பாருங்க" என்றான். பிளேட்டு வீணாகும் என்று நான் கத்தினேன். மாட்டினான். சத்தம் கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். இரும்பு ஊசியின் கரகரப்புக்கூட இல்லை. கடைசியில் அந்தச் சிரிப்பு வந்ததும் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும்தான். ஸ்டேஷன் போர்ட்டர்கள் வேலியைத் தாண்டி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கும் அந்த மெட்டு ஒட்டிக்கொண்டது. தராசுத் தட்டில் கட்டை விரலால் தாளம் போடுகிறேன் என்று தீர்த்தம்மாள் கேலி செய்கிறாள்.

18 ஜனவரி 1942

ஜோலார்பேட்டை ரயில் கார்டு தாமஸ் துரை வண்டிக்குக் காத்திருந்தபோது மண்டியில் வந்து உட்கார்ந்தார். கிட்டார்ப் பிளேட்டை வைத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துச் சொன்னார். க்ளெம் பார்லோ என்று பெயர். அமெரிக்காவில் கழுதை வண்டி ஓட்டியவன் என்று அவரே கேள்விப்பட்டிருக்கிறார். கட்டை விரலால் தாளத்தையும் மற்ற இரண்டு விரலால் மெட்டையும் ஒரே கிட்டாரில் முதலில் வாசித்துக் காட்டியது அவன்தானாம். "எங்க பசங்க கோலார் பேண்டுல வாசிக்கறதெல்லாம் அவன் போட்ட ரோடு" என்றார்.

அவனுக்குத் தேன் அனுப்ப விலாசம் கிடைக்குமா என்று, விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"விலாசமா? அவன் செத்து எட்டு வருஷம் ஆச்சு, மிஸ்டர் பச்சியப்பன். லாரி கவிழ்ந்து."

எட்டு வருஷம். பெட்டி என் கைக்கு வருவதற்கு முன்பே செத்திருக்கிறான். செத்தவன் எனக்குக் கடுதாசி எழுதியிருக்கிறான், தேன் நன்றாக இருந்தது என்று.

19 ஜனவரி

சொல்லிவிடலாமா?

சொன்னால் புளி போகும். கடுக்காய் போகும். பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கி, தரகு பார்த்து, இந்த மண்டியைப் பிடித்தேன். சொல்லப் போவதில்லை.

30 மே 1942

ஆறாவது குழாய். வாங்கிக்கொண்டேன்.

26 மே 1943

செல்லி தனியாக வந்தாள். பாதிக் குழாய்தான் தேன், வெளியில் மண் ஒட்டியிருந்தது.

மழை இல்லாத வருஷம். கீழ்ப்பாறையில் தேனடை இல்லை என்று பொன்னன் மேல்பாறைக்குக் காட்டுக்கொடி கட்டி இறங்கியிருக்கிறான். கொடி அறுந்து விழுந்துவிட்டான். இடது கால் இரண்டாக முறிந்துவிட்டது.

"இந்த வருசம் வேண்டாமய்யான்னு ஊரே சொல்லுச்சுங்க. கேக்கலை. அந்தாளு அவ்வளவு தூரத்துலருந்து எதிர்பார்த்துட்டு இருப்பான்னு..." குழாயை என் பக்கம் தள்ளினாள். "மறந்துடாம அனுப்பிச்சுடுங்க. அங்க கெடக்கறப்பவும் அதத்தான் சொல்லிவுட்டாரு."

கை நீட்டி வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது? ஐயோ, என்ன செய்வது?

27 மே

தேன் அப்படியே இருக்கிறது. விற்க முடியவில்லை.

தீர்த்தம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அடுப்பைப் பார்த்தபடியே, "கால் போனது அவனுக்கு. நீங்க எதுக்குங்க நொண்டறீங்க? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

6 ஜூன்

குழாயை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். ஏறுவதற்கு முக்கால் நாள் ஆகிறது. இந்தத் தூரத்தைத்தான் அவர்கள் மூட்டையோடு இறங்கி வருகிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

பொன்னன் காலில் மூங்கில் பத்தை கட்டிப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "சாவுகாரே வூட்டுக்கு வந்துட்டாரு! கடுதாசி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

குழாயை அவன் பக்கத்தில் வைத்தேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒரு குழாயும் போகவில்லை, விற்றுத் தின்றுவிட்டேன், கடுதாசி பொய், ஆள் செத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

ஆறு குழாய்க்குக் கணக்குக் கேட்பான் என்று நினைத்துத்தான் மடியில் பணம் கொண்டுபோயிருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"செத்துட்டானா."

"ஆமாம் பொன்னா."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

இத்தனை வருஷத்தில் அவன் என்னை ஒருமையில் பேசியதில்லை. "போன வருஷம் தை மாசம்" என்றேன்.

"தை மாசம்தான் நாங்க செத்தவங்களுக்குப் படையல் போடறது. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க ஆளுங்களோட அவனுக்கும் ஒரு எலை போட்டிருப்பமே. ரெண்டு தையி போச்சு. உசுரோட இருக்கான்னு நெனச்சு, செத்தவனப் பட்டினி போட்டுட்டோம். நீ பட்டினி போட வெச்சுட்டே."

பணத்தை எடுத்தேன். செல்லி, "எடுத்துட்டு எறங்குங்க, வெளிச்சம் இருக்கறப்பவே" என்றாள். அவள் மட்டும் 'ங்க' போட்டாள். அது இன்னும் சுட்டது.

20 பிப்ரவரி 1944

புளி இறங்குகிறது. என் மண்டிக்கு இல்லை. மலை ஆட்கள் தெருவின் அந்த ஓரமாக நடந்து கிருஷ்ணப்பனிடம் போகிறார்கள். அவன் எடையில் விழுங்குகிறான் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் போகிறார்கள்.

3 மார்ச்

பெட்டியைத் திறக்கவில்லை. போர்ட்டர்கள் கேட்டார்கள், ரிப்பேர் என்றேன்.

28 மார்ச்

மத்தியானம் வாசலில் கோல் ஊன்றும் சத்தம். பொன்னன். கால் கோணலாகக் கூடியிருந்தது. முதுகில் துணி சுற்றிய ஒரு சாமான். எதிர்ச்சாரியில் அவன் ஆட்கள் மூட்டையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"துண்டைப் போடுங்க சாவுகாரு. பேசணும்."

துண்டைப் போட்டேன். வலது கையில் கோல், அதனால் இடது கையை நீட்டினான். துண்டுக்குள் பிடித்ததும் என் கை நின்றுவிட்டது. உள்ளங்கை பழைய கைதான். நான்கு விரல் நுனியும் கொம்பு மாதிரி காய்த்திருந்தன, நடுவில் கோடு கோடாக அறுத்த தடம். மரம் ஏறினால் நுனி அப்படிக் காய்க்காது. கொடி பிடித்தாலும் காய்க்காது. ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்த்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்னது பொன்னா இது?"

"பத்து மாசம் படுத்துக் கெடந்தனே. வேற என்ன வேலை?"

துணியைப் பிரித்தான். மண்ணெண்ணெய் டின், வேங்கைக் கட்டை, சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து முறுக்கிய நான்கு தந்தி. மடியில் வைத்துக் கட்டை விரலைப் போட்டான். தகரச் சத்தம், சுருதியும் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. ஆனால் அடியில் அந்த ஓட்டம் ஓடியது, மேலே அந்த மெட்டு நடந்தது. ஒருத்தன்தான், இரண்டு பேர் இல்லை. எதிர்ச்சாரியில் நின்றவர்கள் தெருவைத் தாண்டி வந்தார்கள். கிருஷ்ணப்பன் மண்டியில் தரகு பார்க்கிறவனும் வந்தான். முடிகிற இடத்தில் பொன்னன், "ஹெ" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புளித் தூசி என்றேன்.

"மேல இன்னும் மூணு டின் கட்டியாச்சுங்க" என்றான் பொன்னன். "செல்லிகூட வாசிக்கறா. என்னவிட நல்லாத்தான் வாசிக்கறா, அத அவகிட்டச் சொல்லிடாதீங்க." பிறகு துண்டை மறுபடி எடுத்து நடுவில் போட்டான். "இப்பப் பேசலாம்."

பேசியது சாயங்காலம் வரை. முடிந்தது இப்படி:

புளி பழைய விலைக்கே என் மண்டிக்கு வரும்; நிறுப்பது நானாக இருந்தாலும் தட்டைப் பார்ப்பது அவர்கள் ஆள். முதல் தேன் ஒரு குழாயை ஒவ்வொரு வருஷமும் சந்தை விலைக்கு நான் வாங்கவேண்டும், விற்கக்கூடாது. வருகிற தையிலிருந்து ஏழு வருஷம், நான் விற்ற ஆறு குழாய்க்கும் கால் முறித்த ஏழாவதுக்கும் ஈடாக, படையல் அன்று அந்தத் தேனையும் பாட்டுப் பெட்டியையும் நானே தலையில் சுமந்து மலை ஏறவேண்டும். கூலி ஆள் வைக்கக்கூடாது. க்ளெம் பார்லோவுக்குத் தனி இலை, அதில் தேனை ஊற்றுவது என் கை. எட்டாவது வருஷம் பெட்டி மலைக்கே சொந்தம்.