மூணாம் டேபிளுக்கு சாம்பார்

மாமா,

இன்று உங்கள் மகன் மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு வாழை இலை வாங்கி வந்தார். வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. "இலை பாக்க நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றார். தண்ணீர் தெளித்துத் துடைத்து ஒன்றை விரித்தேன். வடித்த சோற்றைச் சூடாக அதன்மேல் வைத்தேன். ஆவியோடு அந்தப் பச்சை மணம் எழுந்ததுதான் தாமதம், நீங்கள் என் கண்முன் வந்துவிட்டீர்கள். இடது கையில் வாளி, வலது கையில் நீளக் கரண்டி, தோளில் துண்டு.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, எழுபதுகளில், நீங்கள் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் சப்ளையர். கோயிலைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்குச் சாதம், சாம்பார், ரசம், மோர் என்று மதியம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பீர்கள். கடைசி ஆள் கை கழுவி வெளியே போய், கதவைப் பாதி சாத்திய பிறகுதான் உங்களுக்குச் சாப்பாடு. "அதுவரைக்கும் பசிக்காதா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "கஸ்டமர் நிக்கும்போது எனக்கு எப்பிடிம்மா பசிக்கும்?" என்றீர்கள். எனக்குப் பத்து மணிக்கே வயிறு கூப்பாடு போடும். இப்படியும் ஒரு வயிறா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அதே சட்டம் எனக்கு. அத்தை நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுப்படி முழுக்க என் ராஜ்ஜியம். ராஜ்ஜியம் என்று பெயர்தான். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடிச்சட்டிச் சோறும் ஆறிப்போன ரசமும் நின்றபடியே உள்ளே போகும். யாரும் என்னை அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை. உட்காரவும் சொன்னதில்லை.

எண்பதுகளில் உங்களுக்கு மறதி வந்தது. ஓட்டலை விட்டு நின்ற பிறகும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவீர்கள். பெற்ற பிள்ளையையே யாரோ எவரோ போல "தம்பி" என்றீர்கள். என் பெயர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. கேட்டவர்கள் எல்லாம் "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான்" என்றார்கள். பெயர் போனதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சாப்பிடுவதை நிறுத்தியபோதுதான் பயந்துபோனேன்.

தட்டைப் பார்ப்பீர்கள், கதவைப் பார்ப்பீர்கள், எழுந்துவிடுவீர்கள். என் தாய்வீட்டில் சீராகக் கொடுத்த எவர்சில்வர் தட்டு, பளபளவென்று இருக்கும். அதில் தயிர்சாதம் வைத்தால் சோறு உங்கள் கண்ணுக்கே தெரியாது. மேலே சுற்றுகிற மின்விசிறிதான் தெரியும். "உள்ள ஏதோ சுத்துதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவீர்கள். குழைத்து ஊட்டப் போனால் வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் அத்தனை மானம் இருந்தது. வேட்டிமேல் கட்டுவீர்களே, அந்த அகலமான பச்சை பெல்ட், அதில் உங்கள் மகன் ஆணியை வைத்து அடித்துப் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மறதிக்கு என்கிட்ட மருந்து இல்ல. ஆனா இப்படியே சாப்பிடாம இருந்தா ஒடம்பு தாங்காது. எப்படியாவது சாப்பிட வைங்க." அந்த 'எப்படியாவது' என்ற சொல்லோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருஷம் கார்த்திகைத் தீபத்துக்குச் செங்கத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து தங்கினார்கள். மறுநாள் மதியம் கூடத்தில் இரண்டு வரிசை இலை போட்டேன். வீட்டுக்குப் பெரியவர், முதல் சாப்பாடு உங்களுக்குத்தான் என்று தனியாக அறையில் உட்கார வைத்து, மரியாதையோடு தட்டை முன்னால் வைத்தேன். தினமும் செய்கிற மரியாதைதான் அது. நீங்கள் வாசல்பக்கம் கையை நீட்டி, "இன்னாம்மா இது? ஜனம் நிக்குது, நான் உக்காந்து சாப்புடறதா?" என்று அதட்டினீர்கள். ஏதோ உளறுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் திரும்புவதற்குள் நீங்கள் கூடத்துக்கு வந்துவிட்டீர்கள். விரித்த இலைகளைப் பார்த்தீர்கள். முதுகு நிமிர்ந்தது. என் கையிலிருந்த சாம்பார் வாளியைப் பிடுங்காத குறையாக வாங்கி, "சாம்பார்... சாம்பார்..." என்று குரல் கொடுத்தபடி ஓரத்திலிருந்து ஆரம்பித்தீர்கள். பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாத அந்தக் கை, சோற்றுக் குழியில் சரியாக ஊற்றியது, மாமா. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. செங்கத்துச் சித்தப்பா வாயில் வைத்த சோற்றை மெல்லவே மறந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாருக்கு அப்பளம் வரல, ஜல்தி!" என்று என்னை விரட்டினீர்கள். நானும் ஓடினேன்.

எல்லாரும் எழுந்த பிறகு கதவைப் பாதி சாத்தினீர்கள். ஓரத்தில் ஒரு இலையைப் போட்டு நீங்களே உட்கார்ந்தீர்கள். "போடும்மா" என்றீர்கள். பச்சை இலையில் வெள்ளைச் சோறு உங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு முறை சாதம், ரசம், மோர். விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தீர்கள். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு சிரித்தேன். இத்தனை நாள் கஸ்டமர் சாப்பிடுவதற்கு முன்னாலேயே சப்ளையரை உட்காரவைத்து மரியாதை செய்திருக்கிறோமே!

அன்று முதல் நம் வீடு ஓட்டலானது. உங்களுக்குக் கஸ்டமர் வேண்டும். உங்கள் மகன் ஆபீஸிலிருந்து மதியம் சைக்கிளில் வந்து முதல் டேபிளில் உட்கார்ந்தார். தரைதான், ஆனால் உங்கள் கணக்கில் டேபிள். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா தன் குழம்புக் கிண்ணத்தோடு வந்து இரண்டாம் டேபிள். கூட்டம் கம்மியாக இருந்ததால் வேறு வழியில்லாமல் என்னையும் உட்காரவைத்தார்கள். "யாரு இது? மூணாம் டேபிளா? புதுசா இருக்காங்களே" என்று நீங்கள் கேட்க, சரோஜா அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

கல்யாணமாகி அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நான் இந்த வீட்டில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன். அதுவும் மாமனார் கையால் பரிமாறி! என் சாம்பாரின் ருசியே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நன்றாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம். ஒரு இலையிலாவது சோறு இருந்து, யாராவது 'போதும்' சொல்லாமல் இருந்தால், உங்கள் பந்தி முடியாது. நீங்கள் உட்கார மாட்டீர்கள். உங்கள் மகன் அவசரமாக "போதும் நைனா" என்பார். சரோஜா அக்கா கையை இலைமேல் குறுக்கே வைப்பார். கடைசியில் என்னிடம் வருவீர்கள். "மூணாம் டேபிளுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?" எனக்கு ஆசையாகத்தான் இருக்கும். பாதி வயிறுதான் நிறைந்திருக்கும். ஆனால் உங்களுக்கு எடுத்துவைத்த சோறு ஆறிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தாமதித்தால் உங்கள் கவனம் வேறெங்காவது போய்விடும். "போதும் மாமா, வயிறு ஃபுல்லு" என்பேன். "கம்மியா சாப்புடறீங்களேம்மா" என்று கவலைப்பட்டுக்கொண்டே போய்க் கதவைச் சாத்துவீர்கள்.

பெல்ட்டில் போட்ட ஓட்டைகள் ஒவ்வொன்றாக வேலையில்லாமல் போயின. கன்னத்தில் சதை வைத்தது. எத்தனையோ மறந்துகொண்டே போனீர்கள், ஆனால் மதிய வேளையில் உங்களைப்போல் சந்தோஷமான ஆள் இந்த ஊரில் இல்லை. சரோஜா அக்கா ஒருநாள் வராவிட்டால், "ரெண்டாம் டேபிள் ஏன் வரல? சாப்பாடு புடிக்கலயா?" என்று கேட்டுக் கேட்டு என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவீர்கள். நானே போய் அவரை இழுத்துக்கொண்டு வருவேன்.

வாளியைத் தூக்க முடியாமல் போன காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியை மட்டும் பிடித்திருந்தீர்கள். கடைசியில் படுக்கை. அப்போதும் நாங்கள் மூன்று பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தோம். ஒருவர் பின் ஒருவராக "போதும்" என்றோம். மூன்றாவது 'போதும்' கேட்ட பிறகு வாயைத் திறப்பீர்கள், குழைத்த ரசம் சாதத்துக்கு. கடைசி வாரத்திலும் அப்படித்தான். பட்டினியாக நாங்கள் உங்களை அனுப்பவில்லை, மாமா. அந்த நிம்மதி எனக்கு இன்றும் இருக்கிறது.

இந்த வீட்டில் இப்போதெல்லாம் நான் நின்றுகொண்டு சாப்பிடுவதில்லை. சமைத்த கையோடு முதலில் நான் உட்காருகிறேன். இன்று உங்கள் மகன்தான் வாளியை எடுத்தார். உங்கள் குரலை அப்படியே வரவழைத்துக்கொண்டு, "மூணாம் டேபிளுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றார். பழக்கத்தில் 'போதும்' என்று சொல்லக் கை இலைமேல் போய்விட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

ஊற்றுங்கள், மாமா. இன்னும் ஒரு கரண்டி. நீங்கள்தான் சாப்பிட்டாயிற்றே.