கால் நீட்ட இடம்

என் முன்சீட்டுக்காரிக்கு,

எந்த எஞ்சின் என்று முடிவாகிவிட்டது. கையில் கிரீஸோடுதான் எழுதுகிறேன்.

என் கூட்டாளி டெல்மர் ஒரு ராட்சச ஹெமி எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினான். நம் முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு காரில் அதைப் பூட்டினால் பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரே அதிரும். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. ஆனால் அது நீளம். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டை வெட்டி உள்ளே தள்ளினால், பக்கத்து சீட்டில் கால் வைக்க இடமிருக்காது.

"வெட்டித் தள்ளுடா. அங்க யாரு உக்காரப் போறா? அவதான் அக்கா வீட்டுக்குப் போயிட்டாளே," என்றான்.

நான் பழைய ஃபோர்டு எஞ்சினையே பூட்டிவிட்டேன். வேகம் கம்மிதான், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. டெல்மர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

உன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். உன் நீளக் காலுக்கும் தாராளமாக இடமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம், உன் அக்கா வீட்டு வாசல்வரை. எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பேன்.

உன் டிரைவர்